புனைவசை: பாட்டி தேடிய ஃபிராக்

கோலாலம்பூர் செந்தூலில் அக்காள் வீடு. சனிக்கிழமை இரவு. அக்காள் மகன் கைப்பேசியில் ஏதோ ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தான். தோற்றுப்போன நொடியில் சோபாவை ஓங்கிக் குத்தி, "ஃபிராக்! எல்லாம் ஃபிராக் ஆயிடுச்சு லா!" என்று கத்தினான். மூலையில் உட்கார்ந்து வெற்றிலைக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்த என் அம்மா நிமிர்ந்து பார்த்தார். "எந்த ஃபிராக்குடா? தீபாவளிக்குத் தங்கச்சிக்கு வாங்குனதா? கிழிச்சிட்டியா?"

பையன் விழித்தான். "மாமா, பாட்டிகிட்ட நீங்களே சொல்லுங்க" என்று என் தலையில் கட்டிவிட்டு அடுத்த ஆட்டத்துக்குப் போய்விட்டான். அம்மாவிடம் சுருக்கமாகச் சொன்னேன். இங்கே கொஞ்சம் விரிவாக.

அவன் சொன்ன ஃபிராக் சிறுமிகள் போடும் சட்டை இல்லை. அது ஒரு வசைச்சொல். அதுவும் தொலைக்காட்சிக்காகவே செய்த வசை. 1978இல் அமெரிக்காவில் 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா' என்ற விண்வெளித் தொடர் வந்தது. உலகம் அழிந்து, மிச்சமிருக்கும் மனிதர்கள் கப்பல்களில் ஓடுகிறார்கள். பின்னால் எதிரி துரத்துகிறான். அந்த நிலையில் இருக்கும் போர்வீரன் "அடடா" என்றா சொல்வான்? ஆனால் குடும்பத்தோடு பார்க்கும் நேரத்தில் ஆங்கிலத்தின் அந்தப் பெரிய கெட்டவார்த்தையை ஒலிபரப்ப முடியாது. ஆகவே அதே இடத்தில் உட்காரும்படி புதிதாக ஒன்றைச் செய்தார்கள். 2003இல் தொடரைப் புதிதாக எடுத்தபோது ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஓர் எழுத்தைக் குறைத்து, சரியாக நான்கெழுத்துச் சொல்லாக ஆக்கினார்கள். ஆங்கிலத்தில் கெட்டவார்த்தைக்கு 'நான்கெழுத்துச் சொல்' என்றுதான் பெயர். நம் எழுத்தில் எண்ணிப் பாருங்கள்: ஃ, பி, ரா, க். இங்கேயும் நான்குதான்!

அந்த 1978 தொடரிலேயே இன்னொரு வசையும் பிறந்தது: ஃபெல்கர்கார்ப். மலம் என்ற பொருளில் வரும் ஆங்கில வசைக்குப் பதிலாக வைத்தது. இன்று அதைத் தொடரின் தீவிர ரசிகர்களைத் தவிர யாரும் சொல்வதில்லை. காரணம் காதுக்கே தெரியும். ஃபெல்கர்கார்ப் என்று சொல்லி முடிப்பதற்குள் கோபம் ஆறிவிடும். ஃபிராக் அப்படியில்லை. உதட்டைப் பல்லில் வைத்து ஊதி, தொண்டையில் வல்லின ககரத்தால் சட்டென்று அடைக்கிறது. மூலக் கெட்டவார்த்தையும் அதே மாதிரி தொடங்கி அதே மாதிரிதான் முடிகிறது. நடுவில் மட்டும் ஆள் மாறாட்டம்.

இதே தொழிலைப் பிரிட்டிஷ்காரர்களும் செய்தார்கள். 1974இல் வந்த 'போரிட்ஜ்' சிறைச்சாலை நகைச்சுவைத் தொடரில் கைதிகள் "நாஃப் ஆஃப்" என்று திட்டிக்கொண்டார்கள். 'நாஃப்' முன்பே இருந்த சொல்தான், வீட்டுக்கு வீடு கொண்டுபோனது தொலைக்காட்சி. 1988இல் தொடங்கிய 'ரெட் டுவார்ஃப்' தொடர் 'ஸ்மெக்' என்பதைப் பரப்பியது. அதே பெயரில் 1948இல் தொடங்கிய இத்தாலிய நிறுவனம் ஒன்று குளிர்பெட்டி விற்கிறது, அது பாவம் ஓர் எனாமல் பூச்சுத் தொழிற்சாலைப் பெயரின் முதலெழுத்துகள். அந்தத் தொடரைப் பார்த்து வளர்ந்த என் நண்பர் ஒருவர் கோலாலம்பூர்ப் பேரங்காடிகளில் அந்த உருண்டைக் குளிர்பெட்டியைக் கடக்கும்போதெல்லாம் தனியாகச் சிரிப்பார். கூட நடப்பவர்களுக்குத்தான் சங்கடம்.

2002இல் வந்த 'ஃபயர்ஃபிளை' வேறு வழி கண்டது. பாத்திரங்கள் கோபம் வந்தால் சீன மொழியில் திட்டுவார்கள். பெரும்பாலான அமெரிக்கருக்குப் புரியாது, தணிக்கை வெட்டும் விழாது. நம் ஊரில் இந்தத் தந்திரம் பலிக்குமா? மாமாக் உணவுக்கடையில் சீனம் புரிந்த பக்கத்து மேசைக்காரர் தே தாரேக் தேநீர்க் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்.

சரி, இந்த வகைச் சொல்லுக்குத் தமிழில் என்ன பெயர்?

முதலில் நினைவுக்கு வருவது இடக்கரடக்கல். அவையில் சொல்லத் தகாததை மறைத்துச் சொல்வதைத் தொல்காப்பியமே 'அவையல் கிளவி மறைத்தனர் கிளத்தல்' என்கிறது. நன்னூல் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்று மூன்றாக்குகிறது. பள்ளிக்கூடத்தில் படித்த எடுத்துக்காட்டு, 'கால் கழுவி வந்தான்'. ஆனால் கவனியுங்கள், அங்கே நோக்கம் மரியாதை. கேட்பவர் முகம் சுளிக்கக் கூடாது. ஃபிராக் என்று கத்துகிறவனுக்கு அந்தக் கவலை ஏது? அவனுக்குச் சூடு குறையாமல் இருக்க வேண்டும், சொல் மட்டும் மாறியிருக்க வேண்டும். அடக்கல் என்ற பெயர் இதற்குப் பொருந்தாது.

குழூஉக்குறி? பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பதும் வேடர் கள்ளைச் சொல்விளம்பி என்பதும் தங்களுக்குள் பேசிக்கொள்ள. ஃபிராக் கொஞ்சகாலம் அப்படி இருந்தது. இரண்டு பேர் அந்தச் சொல்லைச் சொன்னால் இருவரும் ஒரே தொடரைப் பார்த்தவர்கள் என்று தெரியும். பிறகு மற்றத் தொடர்களின் பாத்திரங்களும் எடுத்துக்கொண்டார்கள், குழு கலைந்துவிட்டது. என் மருமகன் அந்தத் தொடரை ஒரு நிமிடம்கூடப் பார்த்ததில்லை. விளையாட்டு அறையில் கேட்டு வந்த சொல் அவனுக்கு.

ஆகவே நான் 'புனைவசை' என்று எழுதுகிறேன். பூவைப் புனைந்தால் மாலை, கதையைப் புனைந்தால் புனைகதை, பெயரைப் புனைந்தால் புனைபெயர். வசை பழைய சொல். குறளில் அது இசைக்கு எதிர், பழி என்ற பொருளில் வரும். பின்னால் திட்டும் அதில் சேர்ந்துகொண்டது, 'வசைபாடக் காளமேகம்' என்பது ஊரறிந்தது. புனைவசை வினைத்தொகை, ஆகவே வலி மிகாது. புனைபெயரைப் பாதிப் பேர் 'புனைப்பெயர்' என்று எழுதித் தொலைக்கிறார்கள். இதில் வகரம் வருவதால் தவறு செய்யவே வழியில்லை. அந்த நிம்மதிக்காகவே இந்தச் சொல்லை ஏற்றுக்கொள்ளலாம். 'சொல்' சேர்த்தால் மட்டும் புனைவசைச் சொல், ஒற்று உண்டு.

இது வகைக்குப் பெயர். ஃபிராக் என்ற அந்தச் சொல்லுக்கே தமிழ் கேட்டால்? தொடருக்குத் தமிழில் வசன வரி எழுதுகிறவராக இருந்தால் ஃபிராக் என்றே விட்டுவிடுங்கள், அது அந்த விண்வெளி மனிதர்களின் மொழி. பேச்சில் என்றால் இடத்தைப் பார்க்க வேண்டும். வியப்பும் எரிச்சலும் கலந்து வரும் இடத்தில் 'என்ன மண்ணாங்கட்டி'. கொஞ்சம் சூடு கூடினால் 'கருமம்'. பையன் சொன்ன 'ஃபிராக் ஆயிடுச்சு' என்பதற்கு 'நாசமாப் போச்சு' அப்படியே பொருந்தும். இன்னொன்று, ஆங்கிலத்தில் இது தானே வினையாக ஓடும். நம் வாயில் நுழைந்ததும் ஆகு, பண்ணு என்று துணை கேட்கிறது: 'ஃபிராக் ஆயிடுச்சு', 'ஃபிராக் பண்ணிட்டான்'. அந்நியச் சொல்லைத் தமிழ் வீட்டுக்குள் விடும் வாசல் அதுதான்.

அம்மாவுக்கு இத்தனையும் சொல்லவில்லை. "அது ஒரு திட்டும்மா, டிவிக்காரன் கட்டினது" என்றேன். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர் அவர். 'பேதியில போவ', 'கொள்ளையில போறவனே' என்பவை அவர் காலத்து வசைகள். பேதியும் கொள்ளை நோயும் தோட்டத்து வரிசை வீடுகளில் லயம் லயமாக ஆளை வாரிக்கொண்டு போன நாளில் அவை வெறும் வார்த்தை இல்லை. எதிரி வீட்டு வாசலில் சாவைக் கொண்டுபோய் வைப்பது மாதிரி.

அம்மா வெற்றிலையை வாயில் போட்டு மென்றபடி கொஞ்ச நேரம் யோசித்தார்.

"திட்டுனா யாருக்காச்சும் ஏதாச்சும் ஆகணும்ல? இவன் திட்டுனா யாருக்கு என்னா ஆவும்?"

"ஒண்ணும் ஆகாதும்மா."

"அப்ப திட்டிட்டுப் போறான் விடு" என்று பாக்குவெட்டியை எடுத்தார்.