கொட்டானிலிருந்து நிமிர்ந்ததும் பஸ் போர்டு ஏன் மங்குகிறது?

காரைக்குடிப் பக்கம் எங்கள் ஊரில், மதியச் சாப்பாடு முடிந்ததும் திண்ணையில் கொட்டான் என்னும் ஓலைக்கூடை முடைய உட்காருவோம். சாயம் ஏற்றிய பனையோலைக் கீற்றை ஒன்று விட்டு ஒன்று கோக்க வேண்டும். ஒரு கீற்று தப்பினால் கட்டமே கோணிவிடும். அதனால் ஓலை தானாகவே முகத்துக்கு ஒரு சாண் தூரத்துக்கு வந்துவிடுகிறது. நேற்று இரண்டு மணி நேரம் குனிந்த தலை நிமிராமல் முடைந்துவிட்டு, தெருமுனையில் வந்து நின்ற பஸ்ஸைப் பார்த்தேன். போர்டில் எழுத்து இருப்பது தெரிந்தது, என்ன எழுத்தென்று தெரியவில்லை.

"திருப்பத்தூர் வண்டி ஆத்தா" என்றார் பக்கத்தில் இருந்த ஆச்சி. அறுபத்தெட்டு வயது. மூக்குக் கண்ணாடிக்கு மேலாக எட்டிப் பார்த்தே சொல்லிவிட்டார்.

கண்ணுக்குள் லென்ஸைச் சுற்றி ஒரு தசை வளையம் இருக்கிறது. அதிலிருந்து கிளம்பும் நுண்ணிய இழைகள் லென்ஸை நாலாபுறமும் இழுத்துப் பிடித்திருக்கின்றன. கயிற்றுக் கட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள்: சட்டம் அகன்றிருந்தால் கயிறு விறைப்பாக இருக்கும், சட்டம் நெருங்கினால் தொய்யும். தூரத்தைப் பார்க்கும்போது தசை தளர்ந்து வளையம் அகல்கிறது. இழைகள் விறைத்து லென்ஸைத் தட்டையாக்குகின்றன. கிட்டத்தில் பார்க்க வேண்டுமானால் தசை சுருங்கும், இழைகள் தொய்யும், லென்ஸ் தன் இயல்பில் உருண்டு தடிக்கும். 1855இலேயே ஜெர்மன் அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதை விளக்கிவிட்டார். ஆக, தூரத்தைப் பார்ப்பதுதான் கண்ணுக்கு ஓய்வு. ஓலையைப் பார்ப்பது உழைப்பு.

25 சென்டிமீட்டரில் இருக்கும் பொருளைப் பார்க்க 4 டயாப்டர் (கண்ணாடிக் கடையில் 'பவர்' என்று சொல்லும் அதே அலகு) அளவு கூடுதல் திறன் வேண்டும். இரண்டு மணி நேரம் அதே நிலையில் சுருங்கிக் கிடந்த தசை, நிமிர்ந்த நொடியில் முழுதாகத் தளர்ந்துவிடுவதில்லை. தசையைச் சுருக்கும் நரம்பு வேகமானது, தளர்த்த உதவும் நரம்போ மெதுவானது. அதனால் கொஞ்சம் உருட்சி மிச்சம் நிற்கிறது. பெரும்பாலும் அரை டயாப்டருக்குள்தான். கால் டயாப்டர் மிஞ்சினாலே 4 மீட்டருக்கு அப்பால் கூர்மை குறையும், அரை என்றால் 2 மீட்டருக்கு அப்பால். தெருமுனை எங்கே, 4 மீட்டர் எங்கே! சில நொடிகளிலோ சில நிமிடங்களிலோ இது வடிந்துவிடும். ஏற்கெனவே கிட்டப்பார்வை உள்ளவர்களுக்குக் கூடுதல் நேரம் ஆகும்.

உற்றுப் பார்க்கும்போது இமைப்பதும் குறைந்து கண் உலர்ந்துபோகும். அந்த மங்கல் வேறு, நாலு தரம் இமைத்தால் தெளிந்துவிடும்.

சரி, ஆச்சிக்கு மட்டும் எப்படித் தெரிந்தது? அவருக்கு வெள்ளெழுத்து. வயது ஆக ஆக லென்ஸ் இறுகிவிடுகிறது, தசை சுருங்கினாலும் அது உருள்வதில்லை. அந்த வேலையைக் கண்ணாடி செய்கிறது. கண்ணாடி வழியாகப் பார்த்தால் அவருக்கும் பஸ் மங்கலாகத்தான் தெரியும். ஆனால் மேலாகப் பார்த்தால் அந்தக் கணமே தெளிவு, தளர வேண்டியது எதுவும் இல்லை.

கண் பரிசோதனைக்குப் போகிறவர்கள் இதை மனதில் வையுங்கள். தையலிலிருந்தோ செல்போனிலிருந்தோ எழுந்து நேரே போய் உட்காராதீர்கள், மிச்ச உருட்சியும் பவரில் சேர்ந்துவிடலாம். குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து விட்டுப் பார்ப்பதும் அந்தத் தசையைத் தளர்த்தத்தான். மங்கல் மணிக்கணக்கில் நீடித்தால் கட்டாயம் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இப்போது ஒவ்வொரு சுற்று முடிந்ததும் கொட்டானை மடியில் வைத்துவிட்டு, தெருக்கோடி வேப்பமரத்தின் இலை தனித்தனியாகத் தெரியும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறேன்.