எம்சிபி வயருக்கு, ஆர்சிசிபி ஆளுக்கு

மெயின் போர்டில் வரிசையாக எம்சிபி (மின்னோட்டம் அளவு மீறினால் தானாக அணையும் சுவிட்ச்) இருந்தால் ஷாக் அடித்தாலும் அது விழுந்து, அதாவது தானாக அணைந்து, காப்பாற்றிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். கணக்குப் போட்டால் அந்த நம்பிக்கை நிற்காது. ஈரக்கையோடு வெறுங்காலில் நிற்பவரின் உடல் மின்தடை சுமார் 1,000 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 230 வோல்ட்டில் உடல் வழியே ஓடுவது 230 மில்லி ஆம்பியர். இதயத் துடிப்பைக் குலைக்க இதில் பாதிகூட வேண்டாம். ஆனால் அந்த 230 மில்லி ஆம்பியர் ஒரு சீலிங் ஃபேன் இழுக்கும் அளவுக்குக்கூட வராது. 16 ஆம்பியர் எம்சிபி ஏன் விழப்போகிறது?

எம்சிபியின் வேலை, வயர் சூடேறி எரியாமல் பார்ப்பது. அடிக்கடி விழுகிறதே என்று 16ஐக் கழற்றிவிட்டு 32 போடச் சொல்பவரை நம்பாதீர்கள். சுவருக்குள் போகும் 2.5 சதுர மி.மீ. வயர் மாறவில்லை, அடுத்த முறை எம்சிபி விழுவதற்கு முன் அந்த வயரின் இன்சுலேஷன் உருகும்.

ஆளைக் காப்பது ஆர்சிசிபி, அதாவது மின்கசிவை உணர்ந்து இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச். கடையில் இஎல்சிபி என்று கேட்டாலும் பெரும்பாலும் இதைத்தான் தருவார்கள். உள்ளே ஓர் இரும்பு வளையம். பேஸ், நியூட்ரல் இரண்டும் அதன் நடுவே போகின்றன. போகிற மின்னோட்டமும் திரும்புகிற மின்னோட்டமும் சமமாக இருக்கும்வரை வளையத்தில் காந்தப்புலம் உருவாகாது. கெய்சர் எலிமென்ட் வழியாகவோ ஒருவரின் உடல் வழியாகவோ கொஞ்சம் தரைக்குப் போய்விட்டால் சமநிலை கெடும். வளையத்தின் மேல் சுற்றிய சிறு காயிலில் மின்னோட்டம் பிறந்து இணைப்பைத் துண்டிக்கும் ரிலேயைத் தட்டிவிடும். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி 15க்கும் 30க்கும் இடையில் எங்கோ விழும். கசிவு 150ஐ எட்டினால் 40 மில்லி விநாடிக்குள் விழ வேண்டும். 100, 300 மில்லி ஆம்பியர் ரகங்கள் தீ விபத்தைத் தடுப்பதற்கானவை. வீட்டு ஆட்களுக்கு அவற்றை நம்பக் கூடாது. இன்வெர்ட்டர் ஏசி, புது வாஷிங் மெஷின் இருக்கும் வீட்டுக்கு டிசி கலந்த கசிவையும் உணரும் டைப் ஏ ரகத்தைக் கேட்டு வாங்குங்கள். ஒரு கையில் பேஸ், மறு கையில் நியூட்ரல் பிடித்தவரை மட்டும் எந்த ஆர்சிசிபியாலும் காப்பாற்ற முடியாது. அதன் கணக்கில் அவரும் ஒரு பல்புதான்.

ஆர்சிசிபி அடிக்கடி விழுந்தால் பல எலக்ட்ரீஷியன்கள் செய்யும் வேலை, அதைத் தாண்டி வயரை நேராக இணைப்பது. கூலி கொடுத்து உயிர்ப் பாதுகாப்பைக் கழற்றி வைப்பதற்குச் சமம் இது. எல்லா எம்சிபியையும் இறக்கிவிட்டு ஆர்சிசிபியை ஏற்றிப் பாருங்கள். நின்றால் ஒவ்வொரு எம்சிபியாக ஏற்றினால் கோளாறான லைன் தெரிந்துவிடும். எல்லாம் இறங்கியிருந்தும் விழுந்தால், எங்கோ நியூட்ரல் எர்த்தைத் தொட்டிருக்கவே வாய்ப்பு அதிகம். சிங்கிள் போல் எம்சிபி பேஸை மட்டுமே துண்டிக்கும் என்பதால் அந்தத் தொடர்பு அப்படியே இருக்கும். சில வீடுகளில் இந்தக் கோளாறு லோடு ஏறும்போது மட்டும் தலைகாட்டும். ஏசி போட்டதும் விழுகிறது என்று ஏசி மெக்கானிக்கை அழைப்பார்கள். கோளாறோ மழைநீர் இறங்கிய மொட்டைமாடி சுவிட்ச் பாக்ஸில் இருக்கும். ஏசியின் நியூட்ரல் மின்னோட்டத்தில் ஒரு பங்கு அந்தத் தொடர்பு வழியே எர்த்துக்குப் போய்விடுவதுதான் காரணம். மெயினை அணைத்து, நியூட்ரல் வயர்கள் எல்லாம் சேரும் நியூட்ரல் லிங்கில் உள்ள வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி 500 வோல்ட் மெக்கரால் (இன்சுலேஷனின் மின்தடையை அளக்கும் கருவி) எர்த்தோடு சோதித்தால் பிடித்துவிடலாம். ஒரு மெகா ஓமுக்குக் குறைந்தால் அந்த லைன் சரியில்லை. மெக்கர் வைக்கும் முன் டிவி, எல்இடி விளக்கு, இன்வெர்ட்டர் எல்லாவற்றையும் பிரித்துவிட வேண்டும், இல்லையென்றால் அவை பழுதாகலாம்.

யுபிஎஸ் இன்வெர்ட்டர் வைத்த வீடுகளில் இன்னொரு சிக்கல்: பேஸ் ஆர்சிசிபிக்குப் பின்னாலிருந்தும், நியூட்ரல் அதற்கு முன்னாலிருந்தும் எடுக்கப்பட்டிருக்கும், அதனாலும் ஆர்சிசிபி விழும். இரண்டையும் பின்னாலிருந்தே எடுத்தால் சரியாகும். கரண்ட் போன நேரத்தில் போர்டு ஆர்சிசிபி விழுந்தாலும் இன்வெர்ட்டர் தன்பாட்டுக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருக்கும். அதன் அவுட்புட்டுக்குத் தனி ஆர்சிசிபி தேவை.

எர்த் இல்லாத வீட்டிலும் ஆர்சிசிபி வேலை செய்யும், ஆனால் கசிவு போக வேறு வழியில்லாததால், யாராவது தொட்ட பிறகுதான் விழும். எர்த் இருந்தால் கெய்சர் கெட்டதுமே விழுந்துவிடும். எர்த் வயர் வராத சாக்கெட்டில் நியூட்ரலையே எர்த் முனையோடு சேர்த்துவிடும் பழக்கம் மிக மோசமானது: நியூட்ரல் அறுந்தால் ஃப்ரிட்ஜின் உடம்பு முழுக்க 230 வோல்ட் ஏறும்.

வயரிங் வேலைக்கு ஆள் எடுக்கும்போது தமிழ்நாட்டில் மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் சான்றிதழைக் கேளுங்கள். மெக்கர் இருக்கிறதா என்றும் கேளுங்கள். டெஸ்டர் மட்டும் வைத்திருப்பவரால் பல்பு, சுவிட்ச் மாற்ற முடியும், கசிவைக் கண்டுபிடிக்க முடியாது. வேலை முடிந்ததும் 100 வாட்ஸ் குண்டு பல்பை சாக்கெட்டின் பேஸுக்கும் எர்த்துக்கும் இடையில் அவரையே வைத்துக் காட்டச் சொல்லுங்கள். எர்த் நன்றாக இருந்தால் ஆர்சிசிபி உடனே விழும். மங்கலாக எரிந்தாலோ ஒன்றுமே நடக்காவிட்டாலோ பணம் கொடுக்க அவசரப்பட வேண்டாம். ஆர்சிசிபியில் இருக்கும் டெஸ்ட் பட்டன் எர்த்தைச் சோதிக்காது, உள் இயக்கம் இறுகிப் போகவில்லை என்பதை மட்டும் காட்டும். மாதம் ஒருமுறை அழுத்துங்கள். விழாவிட்டால் ஆர்சிசிபியையே மாற்றுங்கள், பழுது பார்க்கும் பொருள் அல்ல அது.