யீல்டு கேப்: 'மகசூல் இடைவெளி' என்று எழுதாதீர்கள்

'சோயாவில் மகசூல் இடைவெளியைக் குறைக்க வேண்டும்.' வேளாண்மைக் கட்டுரைகளில் இந்த வரியைப் படித்துப் படித்துச் சலித்துவிட்டது. ஆங்கிலத்தின் 'யீல்டு கேப்' (yield gap) என்ற சொல்லைத்தான் இப்படித் தமிழாக்குகிறார்கள்.

ஆங்கிலத்தின் கேப், பிளவு என்ற பொருளில் பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது. மகசூல் அரபுச் சொல், விளைச்சல் நம்முடையது. வேர் ஆராய்ச்சி இவ்வளவு போதும். யீல்டு கேப் என்றால், ஒரு நிலத்தில் அங்குள்ள வெயிலுக்கும் வெப்பத்துக்கும் ஒரு ரகம் அதிகபட்சம் எவ்வளவு விளையுமோ, அதிலிருந்து நடப்பில் விளைந்ததைக் கழித்தால் வருவது. மானாவாரி என்றால் மழையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஹெக்டேருக்கு 3 டன் விளையக்கூடிய இடத்தில் 1.2 டன்தான் வந்தது என்று வையுங்கள், மீதி 1.8 டன்தான் இந்தச் சொல் குறிப்பது.

சரி, இதற்கு 'இடைவெளி' ஏன் ஆகாது? பயிர் வைப்பவருக்கு இடைவெளி என்றால் வரிசைக்கு வரிசை, செடிக்குச் செடி விடும் இடம். அதைக் குறைக்கச் சொன்னால் அவர் விதையை நெருக்கித்தான் போடுவார். கொடுமை என்னவென்றால், சோயாவில் 75 செ.மீ. வரிசையை 40 செ.மீ. ஆக்கினால் இலைகள் சீக்கிரம் மூடி, வெயில் வீணாகாமல், பல இடங்களில் விளைச்சல் கூடவும் செய்யும், ஆகவே தப்பாகப் புரிந்துகொண்டவருக்குத் தான் தப்பாகப் புரிந்துகொண்டது கடைசிவரை தெரியவே தெரியாது! அகராதியில் முதலில் கண்ணில் பட்ட பொருளை எடுத்து ஒட்டிவிட்டுப் போகிறவர்கள் இதையெல்லாம் எங்கே யோசிக்கப் போகிறார்கள்.

'விளைச்சல் இழப்பு' என்கிறார்கள் சிலர். காய் வெடித்து மணி சிதறினால் அது இழப்பு. தாமதமாக விதைத்ததாலோ, முளைப்புத்திறன் போன விதையாலோ (சோயா விதைக்கு அது சீக்கிரமே போய்விடும்), காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தரும் வேர்முடிச்சு சரியாகக் கட்டாததாலோ காய்க்காமலே போனதை எப்படி இழப்பது? 'பற்றாக்குறை' என்றால் தேவைக்குப் போதவில்லை என்று ஆகிவிடும், அது சந்தைக் கணக்கு. 'எட்டா விளைச்சல்' காதுக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் எட்டாக்கனி நினைவுக்கு வந்து, முயன்றாலும் கிடைக்காது என்று தொனிக்கிறது. உச்சத்தில் ஏறக்குறைய 80 விழுக்காடு வரை செலவுக்குக் கட்டுப்படியாகும்படியே எடுக்கலாம் என்பதுதான் இத்துறையில் பொதுவாகச் சொல்லும் கணக்கு.

என் ஓட்டு 'கிட்டா விளைச்சல்'. கிடைத்திருக்கலாம், கிடைக்கவில்லை, அவ்வளவுதான். உச்சத்துக்கு 'விளைதிறன்', வந்ததற்கு 'விளைச்சல்'. 'சாத்தியமான மகசூல்' எல்லாம் வேண்டாம், இந்த ஆண்டு வந்தாலும் வரலாம் என்கிற மாதிரி இருக்கிறது.

அப்புறம், அமெரிக்காவின் 3 டன்னுக்கு மேற்பட்ட சராசரியையும் இந்தியாவின் சுமார் 1 டன்னையும் பக்கத்தில் வைத்து அந்த வித்தியாசத்துக்கும் இதே பெயரைச் சூட்டுகிறார்கள். வெயில் வேறு, மழை வேறு, பயிரின் வயது வேறு. அது வெறும் நாட்டுக்கு நாடு வேறுபாடு. கிட்டா விளைச்சலை அந்தந்த நிலத்தின் விளைதிறனிலிருந்துதான் கழிக்க வேண்டும், பக்கத்து நாட்டுக்காரன் களத்திலிருந்து அல்ல.