வலிக்கு எதுக்குங்க மேலாண்மை?

போன வாரம் கீழ் கடவாய்ப்பல்லுல ரூட் கேனால் பண்ணிட்டு பாதி வாய் மரத்துப்போய் வெளிய வர்றேன், கையில ஒரு தாளைக் குடுத்தாங்க. தலைப்பு 'வேர்க்கால்வாய் சிகிச்சைக்குப் பிந்தைய வலி மேலாண்மை'. கால்வாயைக்கூட விட்டுடலாம் (பல்லுக்குள்ள என்ன காவிரித் தண்ணியா ஓடுது, வேர்க்குழல்னா முடிஞ்சுது), ஆனா இந்த வலி மேலாண்மையைக் கேட்டுக் கேட்டு காது புளிச்சுப்போச்சு.

இங்கிலீஷ்ல பெயின் மேனேஜ்மென்ட்னு இருக்கறதைத்தான் வலி மேலாண்மை ஆக்கியிருக்காங்க. இந்த மேனேஜ்ங்கிறது இத்தாலியன்ல குதிரையைப் பழக்குறதுக்குச் சொன்ன சொல்லுல இருந்து வந்தது, அதுக்கும் அடியில லத்தீன் மானுஸ், கைன்னு அர்த்தம். கம்பெனி நிர்வாகம்லாம் பின்னாடி ஒட்டுனது. நம்ம மொழிபெயர்ப்பாளர் அந்த நிர்வாகத்தைப் புடிச்சு வலி தலையில கட்டிட்டாரு.

மேலாண்மைன்னா மேல இருந்து ஆள்றது. நீர் மேலாண்மைன்னா சரி, ஏரி இருக்கு, மதகு இருக்கு, திறந்து மூட ஆளும் இருக்கு. ராத்திரி ரெண்டு மணிக்கு கன்னத்தைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கறவன் எதை ஆள்றான், அந்நேரத்துக்கு வலிதான் அவனை ஆளுது. எங்க வீட்ல 'மாத்திரைக்கு வலி கேக்குதா'ன்னுதான் கேப்பாங்க. கேக்குது, அடங்குது, மட்டுப்படுது, தணியுதுன்னு இத்தனை இருக்கறப்ப எதுக்கு ஆபீஸ்ல இருந்து கடன் வாங்கணும்?

நான் சொல்றது வலி தணிப்பு. தாகம் தணியும், காய்ச்சல் தணியும், முருகனுக்குக் கோபம் தணிஞ்ச இடம்னுதான் திருத்தணிக்கே பேர்க்காரணம் சொல்றாங்க. தணியறதுன்னா ஒரேயடியா போயிடறதில்ல, கொஞ்சம் கொஞ்சமா இறங்கறது. ரூட் கேனாலுக்கு அப்புறம் நடக்கறதும் அதேதான், உள்ள இருந்த நரம்பை எடுத்தாலும் வேர் நுனியைச் சுத்தியிருக்கற திசு புண்பட்டுதான் இருக்கும், கடிச்சா விண்ணுன்னு இருக்கும், பெரும்பாலும் சில நாள்ல தானா குறையும். அதனாலதான் வலி நிவாரணமும் எனக்குப் புடிக்கல, அதைக் கேட்டா வெள்ளத்துக்கு ரேஷன் கடையில டோக்கன் குடுக்கற ஞாபகம்தான் வருது.

நண்பர் ஒருத்தர் சண்டைக்கு வந்தாரு, 'தணிப்புன்னா மாத்திரை மட்டும்தான், மேலாண்மைன்னா எல்லாம் அடங்கும்'னு. சரின்னு தாளைப் பிரிச்சு வாசிச்சேன். ஐபுப்ரோஃபென், அது ஆகாதவங்களுக்கு, அதாவது வயித்துப்புண் கிட்னி கோளாறு இருக்கறவங்களுக்கு, டாக்டரைக் கேட்டு பாரசிட்டமால். பல்லு மேல உறை மாதிரி கேப் போடற வரைக்கும் அந்தப் பக்கம் மெல்லக்கூடாது. அடைச்ச இடம் உயரமா இருந்து வாயை மூடறப்ப அந்தப் பல்லே முதல்ல இடிச்சா வந்து தேய்ச்சுக்கணும். வீக்கமோ காய்ச்சலோ வந்தா உடனே வரணும். இதுல எதுய்யா தணிப்புக்குள்ள அடங்காது? பல்லைத் தேய்ச்சு சரிபண்ணாலும் தணியறது வலிதானே! அவர் உடனே பேச்சை மாத்தி 'கலைச்சொல்னா கொஞ்சம் கனமா இருக்கணும்'னாரு. இந்த கனம்தான் வியாதியே. கோப மேலாண்மை வந்தாச்சு, நேர மேலாண்மை வந்தாச்சு, நாளைக்கு விக்கல் மேலாண்மைன்னு ஒரு கையேடு போடுவாங்க, ஒரு சொம்பு தண்ணி குடின்னு எழுத மாட்டாங்க.

தாளோட அடியில யாரோ பேனாவுல எழுதியிருந்தாங்க, 'வலி அடங்கலைன்னா போன் பண்ணுங்க'ன்னு. அச்சடிச்சவரை விட அவங்களுக்குத் தமிழ் நல்லா வருது.