மைனஸ் 600 வண்டுகளும் பேரேட்டுக் கணக்கும்

ஒரே மாவு டப்பாவில் வாழும் இரண்டு இன வண்டுகளின் போட்டியைக் கணினியில் கணக்கிட்ட தேவகோட்டை மாணவி ஒருவர், ஒரே மாதத்தில் ஓர் இனத்தின் எண்ணிக்கை மைனஸ் 600 ஆகிவிட்டதே, பிழை சமன்பாட்டிலா நிரலிலா என்று கேட்டு எழுதியிருக்கிறார். அவருடைய சமன்பாடு லோட்கா, வோல்டெரா ஆகியோரின் பெயரால் வழங்கும் பழைய சமன்பாடுதான், நிரலும் சரியே. காலத்தை அவர் மாதம் மாதமாக நறுக்கியதில்தான் சிக்கல்.

அவர் கணக்கில் முதல் இனம் 200, இரண்டாம் இனம் 300. மாதத்துக்குத் தலைக்கு ஒரு வண்டு வரவு, அதாவது பிறப்பு. டப்பாவில் உள்ள ஒவ்வொரு வண்டின் நெருக்கடியாலும் தலைக்கு 0.01 செலவு, அதாவது இறப்பு; ஆக 500 வண்டுகளுக்குத் தலைக்கு 5. அவர் கையாண்ட, ஆய்லர் முறை எனப்படும் எளிய கணக்கீட்டு வழி தொடக்க நேரத்து வேகத்தையே மாதம் முழுதும் நீட்டுவதால், 200 வரவிலும் 1000 செலவிலும் வந்து நிற்கிறது. மாதத்துக்குப் பதில் ஒரு நாளை ஓர் அடியாக, அதாவது ஒரே தாவலில் கணக்கிடும் காலத் துண்டாகக் கொண்டிருந்தால் முதல் நாள் முடிவில் 173 என்று நியாயமாக வந்திருக்கும். ஆனால் கணக்கிட வேண்டிய அடிகள் முப்பது மடங்காகும்.

நம் பக்கத்துக் கணக்குப்பிள்ளைகள் கையிருப்புக்கு மேல் பேரேட்டில் செலவு எழுத மாட்டார்கள். அந்த ஒழுக்கத்தைச் சமன்பாட்டுக்குள் கொண்டுவர அழகான வழி ஒன்று உண்டு: பிறப்பைத் தொடக்க இருப்பின் மேலும், இறப்பை முடிவிருப்பின் மேலும் எழுத வேண்டும். முடிவிருப்புதான் இன்னும் தெரியாதே என்றால், அதை x என்று வைத்துக்கொண்டால் போதும். x = 200 + 200 − 5x; எனவே 6x = 400, x ஏறத்தாழ 67. நேர்ம எண்ணை நேர்ம எண்ணால் வகுப்பதால், எவ்வளவு நீண்ட அடி வைத்தாலும் மைனஸ் வர வழியே இல்லை. எண்ணிக்கை மாறாது நிற்கும் நிலையில் தொடக்க இருப்பும் முடிவிருப்பும் ஒன்றே என்பதால், உண்மையான சமநிலைப் புள்ளிகளும் இடம்பெயர்வதில்லை.

அமெரிக்க இயற்பியலாளர் ரொனால்ட் மிக்கன்ஸ் வளர்த்தெடுத்த முறை இதை இன்னும் கூர்மையாக்குகிறது. நூறு விழுக்காட்டு வட்டியை நொடிக்கு நொடி கூட்டு வட்டியாக ஏற்றினால் முதல் இரட்டிப்பாகாமல் 2.718 மடங்காகும் அல்லவா? அதற்கேற்ப அடியின் நீளத்தை 1-க்குப் பதில் 1.718 (2.718-இல் ஒன்று குறைய) என்று எழுதினால், x = 200 + 1.718 × (200 − 5x) என்றாகி, 67 என்பது 57 ஆகிறது. டப்பாவில் ஓர் இனம் மட்டும் இருந்தால் இந்தச் சூத்திரம் தோராயமே அல்ல. எந்த அடிக்கும் துல்லியமான விடை.

இதே வடிவச் சூத்திரத்தை ஆய்வாளர்கள் லெஸ்லியும் கோவரும் 1958-இலேயே உயிரியல் பக்கமிருந்து எழுதிவிட்டார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பு. அக்காலத்தில் சிகாகோவில் சூழலியலாளர் தாமஸ் பார்க் மாவுக் குடுவைகளில் டிரைபோலியம் எனும் மாவு வண்டின் காஸ்டேனியம், கன்ஃபியூசம் என்ற இரண்டு இனங்களை ஆண்டுக்கணக்கில் எண்ணிக்கொண்டிருந்தார். இங்கே ஒருவர் அதற்கு நிதி கேட்டால், ஆச்சி வசம்பு போட்டு விரட்டும் வண்டுக்கா என்றுதான் கேட்பார்கள். வெப்பமும் ஈரமும் மிகுந்தால் காஸ்டேனியமும், குளிர்ந்து உலர்ந்தால் கன்ஃபியூசமும் வென்றன. இடைப்பட்ட நிலையில் ஒரே மாதிரியான குடுவைகளிலேயே சிலவற்றில் ஒன்றும் சிலவற்றில் மற்றொன்றும் வென்றன. அதற்காகவே லெஸ்லியும் கோவரும் தம் மாதிரியில் தற்செயலுக்கும் இடம் கொடுத்தார்கள்.