வெளிநாட்டு வேலைக்குச் செல்லும் கொங்கு நாட்டாருக்கு: ஓட்டுநர் உரிமமும் வாகனக் காப்பீடும்

கோவை பீளமேட்டு விமான நிலையத்திலிருந்து சார்ஜாவுக்கும் சிங்கப்பூருக்கும் நேரடி விமானங்கள் செல்கின்றன. திருப்பூர் பின்னலாடை நிறுவனங்களின் மெர்ச்சன்டைசர்கள், கோவைப் பொறியாளர்கள், நாமக்கல், திருச்செங்கோட்டுப் பகுதிகளின் கனரக வாகன ஓட்டுநர்கள் எனப் பலரும் வேலைக்காகப் புறப்படும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதிச் சீட்டு ஒன்றை வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொள்கிறார்கள். அது கையில் இருந்தால் ஓராண்டு காலம் எங்கும் ஓட்டலாம் என்பது பரவலான நம்பிக்கை. சுற்றுலாவாகவோ உறவினரைப் பார்க்கவோ செல்பவருக்கு அது பெரும்பாலும் சரி. குடியிருப்பு அனுமதி பெற்று அங்கேயே தங்கி வேலை செய்பவருக்குப் பல நாடுகளில் அது செல்லாது. உரிமம் செல்லாதபோது காப்பீடும் கைகொடுக்காது என்பதால், இவ்விரண்டையும் சேர்த்தே புரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் அனுமதிச் சீட்டைப் பார்ப்போம். சாலைப் போக்குவரத்து குறித்த 1949ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கையில் இந்தியா கையொப்பமிட்டிருக்கிறது. அதன்படியே நம் அலுவலகங்கள் இந்தச் சீட்டை வழங்குகின்றன. செல்லுபடியாகும் இந்திய உரிமம் உள்ளவர் படிவம் 4ஏ-வில், 1,000 ரூபாய் கட்டணத்துடன் விண்ணப்பிக்க வேண்டும். மத்திய அரசின் பரிவாகன் சாரதி இணையதளம் வழியாகவும் இதைச் செய்யலாம். சீட்டு ஓராண்டுக்கு மட்டுமே செல்லும். அதற்குள் இந்திய உரிமம் காலாவதியானால் அந்த நாளோடு சீட்டும் முடிந்துவிடும். வெளிநாட்டில் இருக்கும்போது சீட்டு காலாவதியானால், அங்குள்ள இந்தியத் தூதரகம் வழியாக விண்ணப்பிக்க 2021 ஜனவரியில் வெளியான மத்திய அரசு அறிவிக்கை வழிசெய்தது. உரிமம் வழங்கிய வட்டார அலுவலகமே அதைப் பரிசீலித்து அனுப்பும். தனியாக நிற்கும் உரிமம் அன்று இது. மூல உரிமத்தின் துணைச் சான்று மட்டுமே. ஆகவே மூல உரிம அட்டையையும் எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும். சீனாவைப் போன்று இந்தச் சீட்டை அறவே ஏற்காத நாடுகளும் உள்ளன.

கொங்கு நாட்டிலிருந்து செல்வோர் மிகுதியாகத் தடுமாறும் இடம் ஐக்கிய அரபு அமீரகம். விசிட் விசாவில் சென்றவர் பன்னாட்டுச் சீட்டுடன் வாடகைக் கார் ஓட்டலாம். ரெசிடென்ஸ் விசா பதிவான பிறகு அந்நாட்டு உரிமம் இன்றி ஓட்டக் கூடாது; ஊரில் இருபது ஆண்டுகள் ஓட்டியவர் என்றாலும் விலக்கில்லை. சில மேலை நாடுகளின் உரிமத்தை நேரடியாக மாற்றிக் கொடுப்பதுபோல் இந்திய உரிமத்தை அங்கு மாற்றித் தருவதில்லை. ஓட்டுநர் பயிற்சி நிலையத்தில் சேர்ந்து, எழுத்துத் தேர்விலும் சாலைத் தேர்விலும் தேற வேண்டும். துபாயில் மட்டும், சொந்த நாட்டு உரிமம் உள்ளவர் பயிற்சி வகுப்பு இல்லாமல் ஒரே ஒரு முறை நேராகத் தேர்வெழுதிப் பார்க்க 'கோல்டன் சான்ஸ்' என்ற வாய்ப்பு உண்டு. தவறினால் வழக்கமான வகுப்புகளுக்கே திரும்ப வேண்டும். அங்கு வண்டிகள் சாலையின் வலப்பக்கம் செல்வதால், நம்மூர்ப் பழக்கத்தை நம்பி அந்த ஒரு வாய்ப்பைச் செலவழிப்பது அவ்வளவு புத்திசாலித்தனம் என்று தோன்றவில்லை. கனரக வாகனத்துக்குத் தனிப் பிரிவு உரிமம் தேவை. நாமக்கல்லில் டேங்கர் லாரி ஓட்டிய அனுபவம் வேலை கிடைக்க உதவுமே தவிர, உரிமத்துக்கு ஈடாகாது.

பிரிட்டனில் விதி வேறு. அங்கு குடியேறிய நாளிலிருந்து 12 மாதங்களுக்கு இந்திய உரிமத்தைக் கொண்டே காரும் மோட்டார் சைக்கிளும் ஓட்டலாம். இந்தக் கணக்கு குடியேறிய நாளிலிருந்து ஓடுகிறது. தீபாவளிக்கு ஊருக்கு வந்து திரும்பினால் புதிதாகத் தொடங்காது. ஓராண்டு முடிந்ததும், இந்திய உரிமம் இன்னும் பத்தாண்டு செல்லுபடியாவதாக இருந்தாலும், அங்கே பயிற்சி உரிமம் எடுத்து எழுத்துத் தேர்வும் ஓட்டுத் தேர்வும் முடிக்க வேண்டும். தேர்வு நாள் கிடைப்பதற்கே பல மாதங்கள் ஆகலாம் என்பதால், குடியேறிய சில வாரங்களிலேயே பயிற்சி உரிமத்துக்கு விண்ணப்பித்துவிடுவது நல்லது. ஜெர்மனியில் அந்த அவகாசம் 6 மாதங்களே. பிறகு இரு தேர்வுகளும் கட்டாயம். சிங்கப்பூரில் வேலை அனுமதி பெற்றவர்கள் பொதுவாக 12 மாதங்கள் வரை ஓட்டலாம். அதன்பின் அடிப்படைக் கோட்பாட்டுத் தேர்வில் தேறி உள்ளூர் உரிமமாக மாற்றிக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு: டெக்சாஸ் புதிதாகக் குடியேறியவருக்கு 90 நாட்கள் தருகிறது, கலிஃபோர்னியா 10 நாட்கள்தான் தருகிறது.

இனிக் காப்பீடு. மூன்றாம் நபருக்கு, அதாவது நம் வாகனத்தால் பாதிக்கப்படும் பிறருக்கு, நேரும் இழப்பை ஈடுசெய்யும் காப்பீடு நம் நாட்டில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆம் பிரிவின்படி கட்டாயம். மேற்சொன்ன வெளிநாடுகளிலும் ஏதோ ஒரு வடிவில் கட்டாயமே. ஆனால் அந்தக் கட்டாயக் காப்பீடு எதுவரை ஈடுசெய்யும் என்பதில்தான் ஏமாந்து போகிறார்கள். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் வாகனப் பதிவுக்குத் தேவையான 'கிரீன் ஸ்லிப்' காப்பீடு மனிதர்களுக்கு ஏற்படும் காயத்துக்கு மட்டுமே பொருந்தும்; எதிரே வந்த காருக்கு ஏற்பட்ட சேதம் முழுவதையும் நாமே கட்ட வேண்டும், அதற்குத் தனிப் பாலிசி எடுத்திருந்தால் அன்றி. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் குறைந்தபட்ச வரம்பு ஒருவர் காயத்துக்கு 30,000 டாலர், ஒரு விபத்தின் மொத்தக் காயங்களுக்கு 60,000 டாலர், பொருள் சேதத்துக்கு 15,000 டாலர் என உயர்ந்தது. உயர்த்திய பிறகும், ஒரு புதிய கார் நொறுங்கினால் 15,000 டாலர் போதாது. மிச்சத்துக்கு ஓட்டியவரே பொறுப்பு. குறைந்தபட்சப் பாலிசி சட்டத்துக்குப் போதுமே ஒழிய, சம்பளத்தைச் சேமிக்கப் போனவரின் சேமிப்பைக் காக்காது.

பிரிட்டனில் காப்பீடு இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் 300 பவுண்டு அபராதமும் உரிமத்தில் 6 தண்டப் புள்ளிகளும் விழும். அந்நாட்டுத் தேர்வில் தேறி இரண்டு ஆண்டுகள் முடியாதவர் 6 புள்ளிகள் பெற்றால் உரிமமே ரத்தாகும். மீண்டும் பயிற்சி உரிமத்திலிருந்து தொடங்க வேண்டும். நண்பரின் காரை 'சும்மா கடை வரைக்கும்' எடுத்துச் செல்வது அங்கு ஆபத்தாவது இதனால்தான்: அங்கே காப்பீடு பெரும்பாலும் பாலிசியில் பெயர் குறிப்பிட்ட ஓட்டுநர்களுக்கு மட்டுமே பொருந்தும். ஓட்டாமல் நிறுத்தி வைத்த காருக்கும் காப்பீடு தொடர வேண்டும். வேண்டாம் என்றால் சாலையில் ஓடாத வாகனம் என்று முறைப்படி அறிவிக்க வேண்டும்.

நம் நாட்டு வழக்கம் இதற்கு மாறானது. பாலிசி வாகனத்தைத் தொடர்கிறது, தகுந்த உரிமமுள்ள யார் ஓட்டினாலும் மூன்றாம் நபருக்கான பொறுப்பு தொடரும். போர்ட்டிகோவில் காரை விட்டுச் செல்பவர்கள் இதை நம்பியே சாவியைத் தம்பியிடமோ மச்சானிடமோ கொடுத்துச் செல்கிறார்கள். ஆனால் ஓர் இடைவெளி இருக்கிறது. பாலிசியோடு சேரும் 15 லட்சம் ரூபாய்த் தனிநபர் விபத்துக் காப்பீடு, ஆர்.சி. எனப்படும் வாகனப் பதிவுச் சான்றில் பெயருள்ள உரிமையாளர் ஓட்டும்போது அவருக்கானது. வண்டியை இரவல் வாங்கி ஓட்டியவர் தம் தவற்றாலேயே இறந்துவிட்டால், அவர் உரிமையாளரின் இடத்தில் நிற்பவராகக் கருதப்படுவார். அவருடைய குடும்பம் மூன்றாம் நபராக இழப்பீடு கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2009இல் நிங்கம்மா வழக்கில் கூறியது. வெளிநாடு செல்லும் முன் காப்பீட்டு முகவரிடம் பேசி, காரில் செல்லும் பிறருக்கும் சம்பளத்துக்கு ஓட்டும் டிரைவருக்கும் விபத்துக் காப்பீட்டைக் கூடுதலாகச் சேர்க்கச் சொல்லுங்கள். இதற்கு ஆகும் பிரீமியம் சிறிது. கேட்பவர்தான் மிகக் குறைவு.

காரை விற்றுவிட்டுச் செல்பவர்கள் செய்யக் கூடாத ஒன்று, பெயர் மாற்றத்துக்கான, கையொப்பமிட்ட வெற்றுப் படிவங்களை வாங்குபவரிடமோ புரோக்கரிடமோ கொடுத்துவிட்டு விமானம் ஏறுவது. ஆர்.சி.யில் பெயர் மாறாத வரை சட்டத்தின் பார்வையில் நீங்களே உரிமையாளர். பின்னர் அந்த வண்டி விபத்தில் சிக்கினால் இழப்பீட்டுப் பொறுப்பு பதிவு பெற்ற உரிமையாளர்மேல் விழும் என்பதை நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018இல் தெளிவாக்கியது. கரூரிலோ கோபியிலோ யாரோ ஓட்டும் வண்டிக்கு, தோகாவில் இருப்பவருக்கு நோட்டீஸ் வரும். பெயர் மாற்றம் பதிவாகிவிட்டதைப் பரிவாகன் தளத்தில் பார்த்து உறுதிசெய்துகொண்ட பிறகே பயணப்படுங்கள்.

இந்திய உரிமம் காலாவதியாவதைக் கவனிக்காமல் விடுவது இன்னொரு சிக்கல். 2019ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பிறகு, 30 வயதுக்குள் பெற்ற கார் உரிமம் 40 வயது நிறைவடையும்வரை செல்லும். 30 முதல் 50 வயதுக்குள் பெற்றால் 10 ஆண்டுகள். சரக்கு, பயணிகள் வாகன உரிமம் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறையும், எரிவாயு போன்ற ஆபத்தான சரக்குக்கான அனுமதி 3 ஆண்டுகளுக்கு ஒருமுறையும் புதுப்பிக்கப்பட வேண்டும். காலாவதிக்கு ஓராண்டு முன்பிருந்தே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். காலாவதியாகி ஓராண்டு கடந்துவிட்டால் மீண்டும் ஓட்டுத் தேர்வு கட்டாயம். பழைய 30 நாள் சலுகைக் காலம் இப்போது இல்லை. ஆகவே பொங்கல் விடுமுறைக்கு வந்த மகன், காலாவதியான உரிமத்தோடு அப்பாவின் காரை எடுத்துக்கொண்டு பழனிக்குச் செல்லும் வழியில் விபத்து நேர்ந்தால், காப்பீட்டு நிறுவனம் காயமடைந்தவருக்குப் பணம் கொடுத்துவிட்டு அதை உரிமையாளரான அப்பாவிடமிருந்து வசூலிக்க நீதிமன்றம் உத்தரவிடக் கூடும். சொந்தக் காரின் சேதத்துக்கோ ஒன்றும் கிடைக்காமல் போகலாம். துபாய் உரிமம் கையில் இருப்பது, இந்திய உரிமம் காலாவதியான குறையைப் போக்கிவிடாது. ஊருக்கு வரும்போது முதல் வாரத்திலேயே புதுப்பிப்பு வேலையைத் தொடங்கிவிடுவது நல்லது. 40 வயதைக் கடந்தவர்களுக்கு மருத்துவச் சான்றும் வேண்டும்.

பலரும் விட்டுவிடும் ஒரு சலுகையும் உண்டு. விபத்து இழப்பீடு கோராமல் ஓட்டியதற்குச் சொந்த வண்டியின் சேதத்துக்காகக் கட்டும் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, அதாவது நோ கிளெய்ம் போனஸ், 20 விழுக்காட்டில் தொடங்கி ஐந்தாண்டுகளில் 50 விழுக்காடு வரை உயரும். இது வாகனத்துக்கு உரியதன்று, உரிமையாளருக்கு உரியது. காரை விற்றுச் செல்பவர் தம் காப்பீட்டு நிறுவனத்திடம் இதற்கான சான்றைக் கேட்டுப் பெற்றால், மூன்று ஆண்டுகளுக்குள் திரும்பி வந்து வாங்கும் காருக்கு அதைப் பயன்படுத்தலாம். வெளிநாட்டில் ஈட்டிய போனஸையும், அங்கிருந்த பாலிசி முடிந்த மூன்று ஆண்டுகளுக்குள் இங்கே பாலிசி எடுத்தால், உரிய ஆதாரத்தின் பேரில் கேட்டுப் பெற இடமுண்டு. அந்த ஆதாரமான கடிதத்தை, அந்நாட்டை விட்டுப் புறப்படும் முன்பே நிறுவனத்தின் முத்திரையோடு வாங்கிவிட வேண்டும். கோவைக்கு வந்த பிறகு மின்னஞ்சல் அனுப்பி அதைப் பெறுவதற்குள் அவகாசமே தீர்ந்துபோகலாம்.