இரண்டு வாரமும் ஒன்பது கேள்வியும்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் பெரியம்மாவை நீரிழிவு கிளினிக்குக்குக் கூட்டிப்போயிருந்தேன். காத்திருந்த நேரத்தில் தாதி ஒருவர் தாளோடு வந்து, கேள்விகளை ஒவ்வொன்றாக வாசித்து விடையைக் குறித்துக்கொண்டார். மனம் சோர்ந்து, நம்பிக்கையில்லாமல் இருந்தீர்களா என்று கேட்டபோது, "இல்லைப் பிள்ளை, கடவுள் புண்ணியத்தில சுகமாயிருக்கிறன்" என்றார் பெரியம்மா. நித்திரைக்கு 3, களைப்புக்கு 3, மற்றதெல்லாம் பூச்சியம். மொத்தம் 6. பயப்பட ஒன்றுமில்லை என்று தாளை மடித்துவிட்டார் தாதி. விடியப்புறம் மூன்று மணிக்கு எழுந்து, விளக்கும் போடாமல் குசினியில் பெரியம்மா உட்கார்ந்திருப்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அந்தத் தாளின் பெயர் பி.எச்.கியூ-9. மனச்சோர்வு இருக்கக்கூடியவர்களை முதல்கட்டமாகப் பிரித்தெடுக்க உலகெங்கும் பயன்படும் வினாக்கொத்து. கடந்த இரண்டு வாரத்தில் ஒன்பது தொல்லைகள் எவ்வளவு இருந்தன என்று கேட்கும். இல்லவே இல்லை என்றால் 0, ஏறக்குறைய ஒவ்வொரு நாளும் என்றால் 3. ஆகக்கூடியது 27. பொதுவாக 10 அல்லது அதற்கு மேல் வந்தால் வைத்தியர் கூப்பிட்டுப் பேச வேண்டும் என்பது கணக்கு.

இந்த 10 எங்கிருந்து வந்தது? 2001இல் அமெரிக்காவில் 6,000 நோயாளிகளிடம் இந்தத் தாளைக் கொடுத்தார்கள். அவர்களில் 580 பேரிடம் மனநலத் துறையினர் தனியாகப் பேசி, யாருக்கு உண்மையில் மனச்சோர்வு என்று முடிவு செய்தார்கள். அப்புறம் இரண்டையும் ஒப்பிட்டார்கள். 10ஐ எல்லையாக வைத்தபோது, நோய் இருந்தவர்களில் 88 வீதத்தினரைத் தாள் பிடித்தது; நோய் இல்லாதவர்களில் 88 வீதத்தினரைச் சரியாக விட்டுவிட்டது. 2019இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் 58 ஆய்வுகளின் தரவுகளை ஒன்றாக்கிய ஆய்வொன்று வந்தது. பயிற்சி பெற்றவர்கள் விரிவாக நேர்காணல் செய்த ஆய்வுகளில், அதே எல்லைக்குப் பிடித்தது 88 வீதம், சரியாக விட்டது 85 வீதம் என்று கிடைத்தது.

சரி, நல்ல எண்கள்தானே? இங்கேதான் பெரும்பாலானோர் தடுமாறுகிறோம். 10க்கு மேல் எடுத்த ஒருவருக்கு நோய் இருக்க 88 வீத வாய்ப்பு என்று நினைத்துவிடுகிறோம். அந்த எண்ணுக்கு அது பொருளே இல்லை.

காலி வீதியில் போகிற 1,000 பேரை நிறுத்தி இந்தத் தாளைக் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். அவர்களில் 100 பேருக்கு மனச்சோர்வு இருக்கிறது என்றும் வைப்போம். தாள் 88 பேரைப் பிடிக்கும், 12 பேரைத் தவறவிடும். மிச்சம் 900 பேருக்கு நோயில்லை. ஆனால் அவர்களில் 15 வீதம், அதாவது 135 பேர், 10ஐத் தாண்டுவார்கள். ஆகமொத்தம் 223 பேர் எல்லைக்கு மேலே. அதில் நோயுள்ளவர்கள் 88 பேர்தான், நூற்றுக்கு 39. அதே தாளை, வருபவர்களில் பாதிப்பேருக்கு மனச்சோர்வு இருக்கிற ஒரு மனநல கிளினிக்கில் 1,000 பேருக்குக் கொடுத்தால், மேலே வருகிற 515 பேரில் 440 பேருக்கு உண்மையில் நோயிருக்கும். நூற்றுக்கு 85. தாளும் கேள்வியும் எல்லையும் மாறவில்லை. எந்த வாசலில் நின்று கேட்டோம் என்பது மட்டும்தான் மாறியது.

'இத்தனை வீதம் பேருக்கு மனச்சோர்வு' என்ற தலைப்பைப் பத்திரிகையில் பார்த்தால் எனக்குக் கவலை வருவது இதனால்தான். பல ஆய்வுகளின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, 10க்கு மேல் எடுத்தவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 25 பேர். நேர்காணலில் மனச்சோர்வு உறுதியானவர்கள் சுமார் 12 பேர். தாளில் எண்ணியது இரண்டு மடங்காகிவிடுகிறது. சலித்தெடுக்கச் செய்த கருவியால் எண்ணிக்கை எடுக்கப்போனால் இப்படித்தான் ஆகும்.

இன்னொரு சிக்கல் கூட்டலில் இருக்கிறது. நித்திரையில்லை, களைப்பு, பசியில்லை: மூன்றுக்கும் 3 போட்டால் 9 வந்துவிடும். குருதிச்சோகையோ தைரொயிட் கோளாறோ கட்டுப்படாத நீரிழிவோ இருப்பவருக்கு இது சாதாரணம். பச்சைக்குழந்தையை வைத்திருக்கிற தாய்க்கும் அப்படித்தான். அதனால்தான் பிரசவத்துக்குப் பின்னான மனச்சோர்வுக்கு 1987இல் எடின்பரோ வினாக்கொத்தைத் தனியாக உருவாக்கினார்கள். அதன் பத்துக் கேள்விகளில் உடல் தொல்லைகள் பெரும்பாலும் இல்லை. நித்திரையைக் கேட்டாலும், மனவருத்தத்தால் நித்திரை கெட்டதா என்றுதான் கேட்கும்.

அப்புறம் மொழி. எங்கள் ஆட்கள் 'மனச்சோர்வு' என்று வாயால் சொல்வது அபூர்வம். "ஒரே யோசினை" என்பார்கள். "நெஞ்சு பாரமாக் கிடக்கு", "தலையிடி விடுதில்லை", "உடம்பு உளைவு" என்பார்கள். மனநல ஆஸ்பத்திரி இருக்கிற அங்கொடை என்ற ஊர்ப்பெயரையே ஏசுவதற்குப் பயன்படுத்துகிற நகரம் இது. பக்கத்தில் மருமகள் நிற்கும்போது ஒரு தாய் எதை ஒத்துக்கொள்வார்? ஒரு வினாக்கொத்தைத் தமிழாக்கினால் மட்டும் போதாது. தமிழில் கேட்டு, தமிழில் நேர்காணல் செய்து, எந்த எல்லை இங்கே பொருந்தும் என்று மறுபடி பார்க்க வேண்டும். அதையும் போதிய ஆட்களை வைத்துச் செய்ய வேண்டும். சின்ன ஆய்வில் நன்றாக வந்த எல்லையை மட்டும் பொறுக்கி எழுதினால், தாள் இருப்பதைவிடக் கெட்டிக்காரத்தனமாகத் தெரியும்.

ஒப்பிடப் பயன்படும் வைத்தியரின் முடிவும் கல்லில் பொறித்ததல்ல. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் மனநோய்களை வரையறுக்கும் தன் கைந்நூலின் ஐந்தாம் பதிப்புக்காக நடத்திய கள ஆய்வில், ஒரே நோயாளியை இரண்டு வைத்தியர்கள் தனித்தனியாகப் பார்த்தார்கள். பெரும் மனச்சோர்வு பற்றி அவர்கள் ஒத்துப்போன அளவு, தற்செயலைக் கழித்தால், 0.28தான். முழு ஒற்றுமை என்றால் 1.

எல்லோரிடமும் இந்தத் தாளை நீட்டுவது நல்லதா என்பதிலும் நிபுணர்கள் ஒத்துப்போகவில்லை. நோய்த்தடுப்புக்கு வழிகாட்டும் அமெரிக்கப் பணிக்குழு வளர்ந்தவர்கள் எல்லோரையும் கேட்கச் சொல்கிறது. கனடாவின் பணிக்குழு 2013இல் வேண்டாம் என்றது. பின்னால் பேச ஆள் இருக்கிற இடத்தில் கேட்பதுதான் நியாயம் என்று நான் நினைக்கிறேன். முக்கியமாக ஒன்பதாவது கேள்விக்காக. செத்துப்போகலாம் என்ற எண்ணம் வந்ததா என்று கேட்கிற அந்தக் கேள்விக்கு 1 விழுந்தால்கூட, மொத்தம் எதுவாக இருந்தாலும், அன்றைக்கே ஒருவர் உட்கார்ந்து பேச வேண்டும். இரவில் தனியாக அந்த எண்ணம் வந்தால், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம்.

பெரியம்மாவை இரண்டு மாதம் கழித்து வேறொரு வைத்தியர் பார்த்தார். மருமகளை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, "அம்மா, மூன்று மணிக்கு எழும்பி என்ன யோசிப்பீங்கள்?" என்று கேட்டார். பெரியம்மா நாற்பது நிமிடம் பேசினார்.